செக்ரோலில் இரண்டு பெயர்

ஓய்வு பெற்றவன் இன்னொரு அலுவலகத்தின் சாவியை வாங்கக் கூடாது. தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து வெளியே வந்த எனக்கு, டிக்கோயாவுக்கு மேலே புதிதாகத் திறந்த கணினி நிலையத்தின் சாவியைக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். நான்கு கணினிகள், ஒரு தொலைபேசி, நடந்ததைக் குறித்து வைக்க ஒரு லொக் புத்தகம். லொக் புத்தகம் என் சொந்தச் செலவு.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. ஒரு வெள்ளிக்கிழமை காலை, மேலிடத்துச் சுற்றறிக்கைப்படி, மற்ற மூன்றுக்கும் இணையம் விடும் பிரதான கணினியில் புதிய கேர்னலை ஏற்றினேன். கேர்னல் என்பது இயங்குதளத்தின் நடுவில் நிற்கும் ஆள். திரை, வட்டு, வலையட்டை எல்லாமே அதன் வழியாகத்தான் வேலை செய்யும். ஒவ்வொரு படிக்கும் சரி போட்டு நேரம் குறித்தேன். மறுபடி இயக்கியதும் கறுப்புத் திரையில் இரண்டு வரிகள் வந்தன. புதிய கேர்னல் ஒன்று, பழையது ஒன்று. எதில் தொடங்க என்று கேட்டது.

வேறு யாராக இருந்தாலும் புதியதைத் தேர்ந்துவிட்டுச் சும்மா இருந்திருப்பார்கள். நானோ செக்ரோல் எழுதியவன். அன்றன்று யார் வேலைக்கு வந்தார்கள் என்று குறிக்கும் தோட்டத்துப் பதிவேடு அது. ஒரே வேலைக்கு அதில் இரண்டு பெயர் இருந்தால் ஒன்று பொய்ப்பெயர். அப்படிப்பட்டவற்றைத் தேடிப் பிடித்து வெட்டித்தான் நான் மூன்று துரைமாரிடம் நல்ல பெயர் வாங்கியிருந்தேன். புதிய கேர்னலில் திரை வந்தது, மவுஸ் நகர்ந்தது. போதும் என்று பழையதை வேரோடு நீக்கினேன். ‘தேவையற்றது அகற்றப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

ஒன்றரை மணிக்கு அவர் வந்தார். எங்கள் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து உருட்டும் ரோலர் இயந்திரத்தை ஓட்டுபவர். மனைவி குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் இரண்டு வருடம். அந்த வீட்டில் தொலைபேசியைத் தொட விடமாட்டார்கள். வெள்ளிக்கிழமை பெரியவர்கள் தொழுகைக்குப் போகும் நேரத்தில், நமக்கு மூன்று மணி, வீட்டு மகள் தன் கணினியில் பேச விடுவாள். அன்றுதான் கடைசி. மனைவியை வேறொரு வீட்டுக்கு மாற்றுகிறார்கள். எந்த வீடு என்பது அன்று மதியம்தான் தெரியும். சொல்லும்போதே கதவுக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

“இன்னைக்கு விட்டா அவ எங்க இருக்கான்னே தெரியாதுங்கய்யா.”

“உட்காருங்க. எல்லாம் தயார்,” என்றேன்.

எதுவும் தயாராக இல்லை. கணினிக்குள் இணைய வயரைக் குத்தும் வலையட்டை இருந்தது. கேட்டால் தன் பெயரைச் சொன்னது. ஆனால் அதை ஓட்டும் டிரைவர் என்ற சிறு நிரல் இல்லை. கண்டியிலிருந்து வந்து கணினிகளைப் பொருத்திய சிங்களவர் அந்த டிரைவரைப் பழைய கேர்னலுக்கென்றே தனியாகச் செய்து வைத்திருந்தார். புதியதற்கு அப்படி ஒன்று வேண்டுமானால் இணையத்திலிருந்து இறக்க வேண்டும். இணையத்துக்கு வலையட்டை வேண்டும். இவ்வளவு ஒழுங்கான வட்டத்தை எந்தச் சுற்றறிக்கையிலும் நான் கண்டதில்லை.

கண்டிக்குப் போன் செய்தேன். “பழைய கேர்னல்ல ஸ்டார்ட் பண்ணுங்க மஹத்தயா, ரெண்டு நிமிஷ வேலை,” என்றார், ‘ஐயா’வைத் தவிர மற்றதெல்லாம் தமிழில்.

“அது இல்லை.”

உடனே சிங்களத்துக்கு மாறி, “அயின் களாத?” என்று கேட்டார். நீக்கிவிட்டீர்களா என்று. மிகச் சாதாரணமான வேறொரு அட்டை கிடைத்தால் போடுங்கள், பழைய அட்டைகளுக்கு டிரைவர் கேர்னலோடேயே வரும் என்று சொல்லி வைத்துவிட்டார். மற்ற மூன்று கணினிகளிலும் இருந்தது அதே வகை அட்டைதான்.

ரோலர்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். “ஸ்டோர்ல நாங்க புது பெல்ட்டு போட்டாலும் பழச ஒரு வாரம் ஆணியில மாட்டி வெச்சிருப்போம்ங்க. நீங்க படிச்சவங்க.” கடைசி இரண்டு சொற்களில் மரியாதை இருந்ததா என்று யோசிக்க நேரமில்லை. “ஸ்டோர் ஆபீஸ்ல ஒரு செத்த கொம்பியூட்டர் கெடக்கு. அதுல இருக்குமாங்க?”

“இருக்கலாம். பின்பக்கம், வயர் குத்துற சின்ன அட்டை. அதை மட்டும் கழற்றிக்கொண்டு வாங்க.”

தேயிலைக்குள் குறுக்கே இறங்கி ஓடினார். நான் ஐந்து தடவை கடிகாரத்தையும், என்ன பயனோ, இரண்டு தடவை லொக் புத்தகத்தையும் பார்த்தேன். மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மழையில் நனைந்து வந்தார், முழுக் கணினியையும் தோளில் வைத்துக்கொண்டு.

“அட்டையைத்தானே கேட்டேன்!”

“கழட்ட ஸ்குரூட்ரைவர் வெச்சிருக்கிற ஆளு லீவுங்க. ஸ்டோரப் பாத்துக்கிற டீமேக்கர் ஐயா, ‘தூக்கிக்கிட்டு போயேன், இங்க அது எலிக்குத்தான் வீடு’ன்னுட்டாரு.”

எலி உண்மையாகவே இருந்திருந்தது. குப்பையைத் தட்டி, அட்டையின் பற்களை பென்சில் அழிறப்பரால் தேய்த்து எங்கள் கணினியில் பொருத்தினேன். பச்சை விளக்கு எரிந்தது. கேர்னல் அட்டையை உடனே அடையாளம் கண்டது. இணையம் மட்டும் வரவில்லை. மணி மூன்று.

“லைட்டு எரியுதேங்க?”

“எரியுது.”

“அப்புறம்?”

அந்த அப்புறத்துக்குப் பதில் கண்டுபிடிக்க எனக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது. முதல் இடத்தைப் பழைய அட்டையின் பெயரிலேயே வைத்துக்கொண்டு, புதிதாக வந்த அட்டைக்கு இரண்டாம் இடம் கொடுத்திருந்தது கணினி. என் அமைப்புகள் எல்லாம் முதல் இடத்துக்கு எழுதப்பட்டவை. ஒரே ஒரு இலக்கத்தை மாற்றினேன், இணையம் வந்தது. அவர் என் நாற்காலியின் முதுகைப் பிடித்து ஆட்டிக்கொண்டே நின்றார். நிறுத்தச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

அந்தப் பக்கம் யாரும் இல்லை. நிலையத்தின் முகவரிக்கு ஐந்து நிமிடத்துக்கு முன் வந்த மின்னஞ்சல் ஒன்று இருந்தது. வீட்டு மகள் எழுதியது: அவள் போய்விட்டாள், அழுதாள், புதிய வீட்டுத் தொலைபேசி எண் இது. எண்ணை எண்ணிப் பார்த்தேன். பழைய வீட்டு எண்ணைவிட ஓர் இலக்கம் குறைந்தது. பதில் எழுதிக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை வரை பதில் இல்லை.

ஞாயிறு ஹட்டனில், காசுக்கு வெளிநாட்டுப் போன் பேச விடும் ஒரு கொமியூனிகேஷன் கடைக் கூண்டுக்குள் இருவரும் நெருக்கிக்கொண்டு நின்றோம். அவசரமாக எழுதுகிறவர் கடைசி இலக்கத்தைத்தான் விடுவார் என்று நானே ஒரு விதியை உண்டாக்கியிருந்தேன். பூச்சியத்திலிருந்து ஒன்பது வரை, வரிசையாக. பூச்சியத்தில் யாரும் எடுக்கவில்லை. ஒன்றில் ஒரு குழந்தை. இரண்டில் ஓர் ஆள் எங்களைத் திட்டினார், மொழி தெரியாவிட்டாலும் அது நியாயமாகவே பட்டது. ஒவ்வொன்றையும் ஒரு காகிதத் துண்டில் எழுதிக் குறுக்கே கோடு போடப் போனேன்.

“கோடு போடாதீங்கய்யா,” என்றார் ரோலர்காரர். “எடுக்காத வீட்ல அவ பாத்திரம் கழுவிக்கிட்டு இருக்கலாம்.”

பேனாவை மூடினேன். ஆறில் ஒரு பெண் எடுத்தாள். நான் மனைவியின் பெயரை மட்டும் இரண்டு தடவை சொன்னேன். ரிசீவரை எங்கோ வைத்த சத்தம், தூரத்தில் யாரையோ கூப்பிடும் குரல், பிறகு தரையில் செருப்புச் சத்தம். ரோலர்காரர் என் கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கினார்.

“சாப்டியா?” என்றார் முதலில்.

நான் கூண்டை விட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.