ஒரே மாத்திரை, வேறு வேறு ஈரல்

மனநல வைத்தியத்தில் ஒரு விசேஷம் உண்டு: நாங்கள் எழுதித் தருகிற மாத்திரையை நோயாளி, அவர் வீட்டார், பக்கத்து வீட்டார், மருந்துக்கடைக்காரர் என்று நாலு பேர் திருத்திய பிறகுதான் அது வயிற்றுக்குள் போகும். எண்பதுகளில் விழுப்புரம் ரயிலடிக்குப் பக்கத்தில் எனக்குக் கிளினிக். வாரத்தில் இரண்டு நாள் மத்தியானத்துக்கு மேல் பஸ் ஏறித் திண்டிவனம் போய், ஒரு நர்சிங் ஹோமில் உட்கார்ந்து பார்ப்பேன். அந்தச் சுற்றுவட்டாரத்தில் இந்த வைத்தியத்துக்கென்று படித்த பெண் டாக்டர் எனக்குத் தெரிந்து வேறு யாரும் இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. இன்றும் குறைந்தபாடில்லை.

அந்த மாத்திரைகளை விழுங்கி நாக்கு உலர்ந்தவர்களும், விழுங்க வைக்கப் போராடிக் களைத்தவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். ‘அவருக்குக் கேட்ட மருந்து எனக்கு ஏன் கேட்கவில்லை?’ என்று ஒரு நாளாவது நொந்துகொண்டிருப்பீர்கள். அதற்குப் பாதி பதில் மருந்தில் இல்லை, அப்பா அம்மாவிடமிருந்து வாங்கி வந்த உடம்பில் இருக்கிறது. புத்தகத்தில் மட்டும் படித்திருந்த இந்த விஷயத்தை எனக்கு நேரில் காட்டியவர்கள் சிலரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

திரும்பிய கழுத்து

எத்திராஜுக்குக் கண்டமங்கலம். பாண்டிச்சேரி மில்லுக்குத் தினமும் சைக்கிளில் போய் வருகிறவர். ரேடியோவில் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று சொல்லி வேலைக்குப் போவதை நிறுத்தியிருந்தார். இருப்பதிலேயே குறைந்த அளவில்தான் மாத்திரை கொடுத்தேன். மறுநாளே கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு, கண் மேலே செருகி, வாய் கோணிவிட்டது. வீட்டில் சாமி வந்துவிட்டது என்று முடிவு செய்து கற்பூரம் காட்டி, அமாவாசைக்கு மேல்மலையனூர் வந்து சேவல் அறுப்பதாக வேண்டியும் கொண்டார்கள். மனைவி தனபாக்கியத்துக்கு மட்டும் சந்தேகம். வாடகைக் கார் பிடித்து, மாமியாரையும் கூட்டிக்கொண்டு அவரைக் கிளினிக்குக் கொண்டுவந்துவிட்டார்.

ஊசி போட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருக்கும்போதே கழுத்து மெல்ல நேரானது. “சிலர் உடம்புக்கு இந்த மாத்திரை ஒத்துக்காது. கூடப் பிறந்தவங்களுக்கும் சில சமயம் அப்படியே இருக்கும்” என்றேன். உடனே எத்திராஜின் அம்மா, கடலூரில் கட்டிக் கொடுத்த மகளுக்கும் ஏதோ மாத்திரை கொடுத்து இதே மாதிரி இழுத்துக்கொண்டது என்றார். இரண்டும் ஒரே மாத்திரைதான் என்று பிறகு தெரிந்தது. அன்றிலிருந்து யார் வந்தாலும், “உங்க சொந்தத்துல வேற யாராவது இந்த மாதிரி மாத்திரை சாப்பிட்டாங்களா, எப்படிக் கேட்டுச்சு?” என்று விசாரிக்காமல் நான் மருந்து எழுதியதில்லை. எத்திராஜுக்கு வேறு மாத்திரை ஒத்துக்கொண்டது, மில்லுக்கும் திரும்பினார். ஆனால் ஊசி போட்ட அன்று படி இறங்கப் போன தனபாக்கியம், மாமியார் காதில் விழாமல் என்னிடம் கேட்டதுதான் மறக்கவில்லை: “இழுத்துக்கினதும் மருந்தால, சரியானதும் மருந்தாலன்னா, அந்தச் சேவலை நாங்களே கொழம்பு வச்சிக்கலாங்களா டாக்டரம்மா?”

கால் மாத்திரை

திண்டிவனத்தில் மரகதம் டீச்சர். அழுகை, தூக்கமின்மை, சாப்பாடு இறங்காமை. எல்லோருக்கும் கொடுக்கிற அளவில்தான் மனச்சோர்வு மாத்திரை கொடுத்தேன். வாய் ஒட்டிக்கொண்டது, எழுந்து நின்றால் தலை சுற்றியது, பாடம் நடத்தும்போதே கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். இத்தனைக்கும் அதே அளவில் சாப்பிட்ட கறிக்கடைக்காரர் ஒருவர் ‘ஒன்றுமே தெரியவில்லை’ என்று இரண்டாம் மாதம் குறைப்பட்டுக்கொண்டு வந்தார். டீச்சரின் கணவரோ, “வேலைக்குப் போகாம இருக்க ஒரு சாக்கு, அவ்ளோதான்” என்று அவர் எதிரிலேயே சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

நாம் விழுங்குகிற மருந்தை உடைத்து வெளியே தள்ளுவது ஈரலின் வேலை. சிலர் ஈரல் அதைச் சீக்கிரம் முடித்துவிடும். சிலருக்குப் பிறவியிலேயே நிதானம். மருந்து உள்ளேயே தங்கித் தங்கி, ஒரு மாத்திரை நாலு மாத்திரையாகிவிடும். இதைக் கணவருக்குச் சொல்லிவிட்டு, கால் பங்காகக் குறைத்தேன். “கொழந்தைக்குக் கூட இது பத்தாதே” என்று மருந்துக்கடைக்காரர் சிரித்தாராம். மாதம் திரும்புவதற்குள் டீச்சர் நன்றாகத் தூங்கினார், சாப்பிட்டார், பள்ளி ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளை வைத்து நாடகமும் போட்டார். எனக்கும் அழைப்பு வந்தது. முன்வரிசையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த டீச்சர் மெதுவாகச் சொன்னார்: “சாக்குன்னு சொன்னவரு இப்ப கண்ணாடி போட்டுக்கினு எனக்கு மாத்திரை உடைச்சித் தர்றாரு டாக்டர். கோணலா உடைஞ்சா நான் வாங்கறதில்ல.”

ஜமீலா மேல் விழுந்த பழி

கோட்டக்குப்பத்தில் ரஹீம். வளைகுடாவிலிருந்து திரும்பிய பிறகு வீட்டில் யாரையும் நம்பாமல் கதவைச் சாத்திக்கொண்டவர். மாத்திரை எழுதினேன். ஒன்றும் ஆகவில்லை. கூட்டினேன். அப்போதும் இல்லை. மூன்றாம் தடவை வந்தபோது ரஹீமின் தாயார், மருமகள் ஜமீலாவைக் கையால் சுட்டி, “இவ மாத்திரையைக் குடுக்கறதே இல்ல. கிணத்துல போட்டுடறா. அவன் இப்படியே கெடந்தாத்தான் இவ ஜல்தியா அம்மா ஊட்டுக்குப் போவலாம்” என்றார். ஜமீலாவுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. “கிணத்தை எறைச்சிப் பாக்கச் சொல்லுங்க டாக்டரம்மா” என்றார், அவ்வளவுதான். பேச்சு அடுத்து ஜமாத்துக்கு, விவாகரத்துக்கு என்று போகப் போகிறது என்று திண்டிவனம் நர்சிங் ஹோம் சிஸ்டர் ரெஜினா என் காதில் சொன்னார்.

“நர்சிங் ஹோம்ல சேருங்க. இனிமே மாத்திரையை நாங்க குடுக்கறோம்” என்றேன். சிஸ்டர் ஒவ்வொரு வேளையும் தன் கையாலேயே கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். அங்கேயும் ரஹீம் தரையைப் பார்த்தபடி அப்படியேதான் இருந்தார். மருந்து உள்ளே போகிறது, வேலை செய்யவில்லை. அப்போது பார்க்க வந்த ரஹீமின் சித்தப்பாவிடம் என் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். “எங்க அண்ணனுக்கும், அதான் இவன் அத்தாவுக்கும், மெட்ராஸ்ல இப்படித்தான். எவ்ளோ குடுத்தாலும் தண்ணி மாதிரி எறங்கிப் போவுதுன்னு டாக்டருங்க பேசிக்கினாங்க” என்றார்.

அந்தக் குடும்பத்துக்கு வேகமான ஈரல் என்று எனக்குத் தோன்றியது. அதை நிரூபிக்க அப்போது ஊரில் ஒரு பரிசோதனையும் கிடையாது. ரத்த அழுத்தத்தைப் பார்த்துப் பார்த்து, பாடப்புத்தகம் அனுமதிக்கிற மேல் எல்லை வரை மெல்ல ஏற்றினேன். ஒரு காலையில் ரஹீம் தானாக எழுந்து சவரம் செய்துகொண்டு, “ஜமீலா எங்க?” என்று கேட்டார். மத்தியானம் நான் போய் இறங்கியதும் சிஸ்டர் ஓடி வந்து சொன்னார்.

டிஸ்சார்ஜ் அன்று எல்லோரையும் உட்கார வைத்து, மருந்து கேட்காமல் போனதற்குக் காரணம் ரஹீமுக்கு அவர் அத்தா வழியில் வந்த உடம்பு, ஜமீலா இல்லை என்று விளக்கினேன். மாமியார் சீலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டார். ஜமீலா அன்றுதான் முதன்முதலாக நிமிர்ந்து உட்கார்ந்து பேசினார்: “மாமிக்கு ஒரு காது கொஞ்சம் மந்தம் டாக்டரம்மா. அந்த ஈரல் சமாச்சாரத்தை இன்னொரு தபா சத்தமாச் சொல்லுங்க.”

அண்ணனுக்குக் கேட்டது

எல்லாம் ஜெயம்தான் என்று நினைத்துவிடாதீர்கள். விழுப்புரத்திலேயே ஒரு வீட்டில் அண்ணனுக்கு அருமையாகக் கேட்ட மாத்திரையை, இரண்டு வருஷம் கழித்துத் தம்பிக்கும் அதே நோய் வந்தபோது, யோசிக்காமல் எழுதினேன். ஒரே ரத்தம்தானே என்ற தைரியம். தம்பிக்கு அது துளியும் கேட்கவில்லை. வேறு மாத்திரைக்கு மாறிய பிறகுதான் தேறினார். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளானாலும் இருவரும் ஒரே பங்கை வாங்கி வருவதில்லை என்று விளக்கத் தொடங்கினேன். அவர்கள் அம்மா என்னை நிறுத்திவிட்டார்: “பெரியவன் அவங்கப்பா ஜாடை, சின்னவன் என் ஜாடை. மொகத்தைப் பாத்தாலே தெரியுது, இதுக்கு எதுக்குங்க இவ்ளோ பேஜாரு?”

கிளியனூர் சம்பந்திகள்

கடைசியாக, நான் ரொம்பப் பெருமைப்படுகிற ஒன்று. கிளியனூரிலிருந்து வேதவல்லி என்ற பெண்ணைத் திண்டிவனத்துக்குக் கூட்டி வந்தார்கள். கல்யாணமாகி ஒரு வருஷம். தூக்கமே இல்லாமல் பாட்டும் பேச்சுமாக, இருக்கிற புடவைகளையெல்லாம் தெருவில் போகிறவர்களுக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வேறொரு இடத்தில் கொடுத்த மருந்தில் பாதித் தூக்கமும் பாதி ஆட்டமுமாக இருந்தாள். கூடவே கணவன், மாமியார், அம்மா செங்கேணி. ‘பொண்ணைத் திருப்பி அனுப்பிடலாம்’ என்கிற பேச்சு வாசல் வரைக்கும் வந்துவிட்டது என்று அந்த மாமியாரின் முகமே சொன்னது.

என் கேள்வியைக் கேட்டேன். “எங்க வம்சத்துல யாருக்கும் இல்லீங்க” என்று செங்கேணி சட்டென்று சொன்னார். சரி என்று பேனாவை எடுத்தேன். “இருங்க டாக்டரம்மா” என்றார். மகளை ஒரு முறை பார்த்தார். மடியிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து ஒரு மாத்திரைப் பட்டையை எடுத்து என் மேஜையில் வைத்தார். லித்தியம், இப்படிக் கட்டுமீறித் துள்ளுகிற மனதை அடக்குகிற மருந்து. இவள் கைக்குழந்தையாக இருந்தபோது தனக்கும் இதே மாதிரி வந்தது, பாண்டிச்சேரியில் கொடுத்த எதுவும் கேட்காமல் கடைசியில் இதுதான் கேட்டது, இத்தனை வருஷமும் சந்தைக்குப் போவதாகச் சொல்லிப் போய் ரத்தம் கொடுத்துச் சோதித்து வாங்கி வருவதாகச் சொன்னார். பட்டையை என் பக்கம் நகர்த்தினார். “எனக்குக் கேட்டுச்சு. அவளுக்கும் கேக்கும்னா, நான் மறைச்சி வச்சி இன்னா ஆவப் போவுது?”

இந்த மருந்து ஒருவருக்கு நன்றாகக் கேட்டால் அவர் பிள்ளைக்கும் கேட்க வாய்ப்பு அதிகம் என்று படித்திருந்தேன். அன்றே தொடங்கினேன், ரத்தத்தைச் சோதித்து அளவையும் சரிசெய்தேன். அது கேட்டது. அடுத்த மாதம் வேதவல்லி தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு, தானே டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள். மாமியார் பின்னாலேயே வந்தார், செங்கேணியும்தான். திருப்பி அனுப்புகிற பேச்சு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. மாமியாரே சொன்னார்: “இந்தம்மா இத்தினி வருசம் மாத்திரையைப் போட்டுக்கினு எங்க வேர்க்கடலைக் கொல்லையில வந்து மல்லாட்டை புடுங்கிக் குடுத்திருக்குது. ஒருத்தர்கூட இத்த மாதிரி வேகமாப் புடுங்கினதில்ல. அந்த மாத்திரையையே எம் மருமகளுக்கும் குடுங்க.”

இதற்கெல்லாம் இப்போது ரத்தத்தை எடுத்து மரபணுவைப் பார்த்தே சொல்லிவிடுகிறார்களாம். என்னிடம் அன்று இருந்த ஒரே பரிசோதனை, சொந்தபந்தங்களை வரிசையாக உட்கார வைத்து, யாராவது ஒருவர் உண்மையைச் சொல்லும் வரை டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருப்பதுதான்.