இடது கட்டைவிரல்

போன வருஷம் சம்பா நடவைப் பார்க்கப் போய் வரப்பில் வழுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. அவ்வளவு நாள் விடுப்பு கிடையாது. பத்தே நாளில் திருக்காட்டுப்பள்ளியிலிருந்து தஞ்சாவூருக்கு பஸ் ஏறி வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டேன்.

மற்றதையெல்லாம் எப்படியோ சமாளித்தேன். செல்போன்தான் படுத்தி எடுத்தது. சிங்கப்பூரில் இருக்கும் கணவர் ஆசையாக வாங்கி அனுப்பிய பெரிய போன். இடது கையில் பிடித்தால் கட்டைவிரல் பாதித் திரையைக்கூட எட்டாது. "சாப்பிட்டேன்" என்று அவருக்கு அனுப்புவதற்குள் அழுகை வந்துவிடும்.

ஒரு நாள் காலை பஸ்ஸில் அவருக்குச் செய்தி அடிக்கும்போது அது கைநழுவிக் கீழே விழுந்தது. பூதலூரில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் குனிந்து எடுத்தாள். முப்பது வயதிருக்கும். தோளைச் சுற்றித் துப்பட்டா போர்த்தியிருந்தாள்.

"கட்டு எப்பங்க பிரிப்பாங்க?"

"வரப்புல வழுக்கி விழுந்தது, இன்னும் ஒரு மாசம் ஆகும்மா. ஒத்தக் கைய வச்சிக்கிட்டு எப்படித்தான் மனுசங்க இருக்காங்களோ!"

போனை நீட்டியபோது துப்பட்டா விலகியது. வலது முழங்கைக்குக் கீழே சுடிதாரின் கை வெறுமையாகத் தொங்கியது. எனக்கு உடம்பே கூசிப்போனது.

"இருக்கோம்ங்க," என்று சிரித்தாள். "போன மடியில வைங்க, சொல்றேன்."

டைப் அடிக்கும் எழுத்துப் பலகையில் கமாவை அழுத்திப் பிடிக்கச் சொன்னாள். சின்னதாக ஒரு கை படம் வந்தது. விரலை அதன்மேல் கொண்டுபோனதும் எழுத்துகள் சுருங்கி ஓர் ஓரமாக ஒதுங்கின. அம்புக்குறியைத் தட்டினேன், இடது பக்கம் வந்து நின்றன. கட்டைவிரலுக்கு எல்லாமே எட்டியது.

"நீயே செஞ்சு குடுத்திருக்கலாமே," என்றேன்.

"நாளைக்கு மாறிப்போச்சுன்னா? நீங்க செஞ்சாத்தான் மனசுல நிக்கும்."

ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிறாளாம். பிறவியிலேயே அந்தக் கை அப்படித்தானாம். சொல்லும்போது குரலில் எந்த மாற்றமும் இல்லை. இறங்குவதற்கு முன் அவள் நம்பரைச் சொல்லச் சொல்ல, நானே தட்டிச் சேமித்தேன்.

கணவருக்கு அன்று நாலு வரி எழுதினேன். "யாரு டைப் பண்ணிக் குடுத்தா?" என்று கேட்டார்.

கட்டுப் பிரித்த அன்று அவளுக்குத்தான் முதலில் செய்தி அனுப்பினேன், இடது கையாலேயே. உடனே பதில் வந்தது: "சந்தோசம்க்கா. வரப்புல பாத்து நடங்க."