‘பட்ட’ போன செம்மரம்

காலை ஐந்தரைக்கு மாதவரத்தில் பஸ் ஏறினேன். பக்கத்து சீட் அம்மாள் கேட்ட முதல் கேள்வியே, தரிசனத்துக்கு டோக்கன் வாங்கிவிட்டீர்களா என்பதுதான். திருப்பதி பஸ்ஸில் ஏறிவிட்டு மலைக்குப் போகவில்லை என்றால் யார் நம்புவார்கள்? ஒரு செம்மரத்தைப் பார்க்கப் போகிறேன் என்றேன். அந்த அம்மாள் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

மரம் என் தங்கை கீதாவுடையது. அதாவது, அவள் அப்படித்தான் சொல்லிக்கொள்வாள். காடுகளை ஆராய்கிறவள். வடமாலபேட்டைக்கு உள்ளே மலையடிவாரத்தில் வேலி போட்ட ஒரு துண்டுக் காட்டில் இருக்கும் செம்மரங்களை மார்ச் மாதம் வந்தால் போய் அளப்பாள். ஒவ்வொரு மரத்திலும் மார்பு உயரத்தில் ஒரு மஞ்சள் வளையம். அதன் மேல் டேப்பைச் சுற்றி எவ்வளவு பருத்திருக்கிறது, பட்டையை வண்டு துளைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பன்னிரண்டு வருஷமாக இதே வேலை. வருஷத்துக்கு ஒரு விரல்கூடப் பருக்காத மரத்துக்கு இத்தனை அலட்டலா என்று வீட்டில் நாங்கள் கிண்டல் செய்யாத நாளில்லை.

இந்த முறை கிண்டல் செய்ய வாய் வரவில்லை. போன வாரம் அந்தக் காட்டைக் காவல் காக்கும் வாட்சர் முனிரத்தினம் போன் செய்திருக்கிறார். வண்டு விழுந்து இருபத்தேழாம் நம்பர் மரம் பட்டுப்போய்விட்டது என்று சேதி. கீதா மாணவியாக இருந்தபோது முதன்முதலில் வளையம் தீட்டிய மரம் அது. செத்த மரத்தை அப்படியே விட்டால் உள்ளே இருக்கும் புழு வண்டாகிப் பக்கத்து மரங்களையும் பதம் பார்க்கும். அதனால் வெட்ட அனுமதி வாங்கி, ஆள் கூட்டிவரும்படி முனிரத்தினத்திடமும் சொல்லிவிட்டாள். தனியாக நின்று பார்க்க முடியாது, நீயும் வாக்கா என்றாள். சின்ன வயதில் கோழி செத்ததற்கு இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்தவள். போகாமல் இருக்க முடியுமா?

ஊத்துக்கோட்டையில் டீ, பதினைந்து ரூபாய், வெறும் வெந்நீர். நாகலாபுரம் தாண்டியதும் மலைகள் கூடவே வர ஆரம்பித்தன. புத்தூரில் பாதி பஸ் இறங்கித் தெலுங்கு பேசிக்கொண்டு போயிற்று, மீதிப் பாதி தமிழும் தெலுங்கும் கலந்து சண்டை போட்டது. ஒன்பதேகாலுக்கு வடமாலபேட்டை. இட்லிக்கடையில் வேர்க்கடலைச் சட்னி பிரமாதம். மனசு சரியில்லாத நேரத்திலும் ஆறு இட்லி இறங்கியது.

ஆட்டோக்காரர் தமிழ்தான். எட்டு கிலோமீட்டர், இருநூறு ரூபாய். எங்கே போகவேண்டும் என்றதற்கு, செம்மரம் வெட்டுகிற இடத்துக்கு என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டேன். மனுஷர் வண்டியை ஓரங்கட்டி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யக்கா, மெட்ராஸ்லேர்ந்து வந்துகினு இங்க அந்தப் பேச்ச பேசாதீங்க. என்னையும் சேத்து உள்ள வெச்சிடுவாங்க."

கீதா போனில் பேசி, அனுமதி இருப்பதை விளக்கிய பிறகுதான் வண்டி கிளம்பிற்று. வழியெல்லாம் அவர் கண்ணாடியில் என் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டேதான் வந்தார்.

வேலியருகே கீதா நின்றிருந்தாள். முகம் வீங்கியிருந்தது. கூட முனிரத்தினமும், ரம்பத்தோடு இரண்டு பேரும். உள்ளே போனால் ஒரு மரத்திலும் இலை இல்லை. இந்த மாதத்தில் செம்மரம் எல்லாவற்றையும் உதிர்த்துவிடுமாம். எது செத்தது, எது தூங்குகிறது என்று பார்த்துத் தெரிந்துகொள்ள வழியே கிடையாது. இருபத்தேழில் ஒரு பக்கம் பட்டை முழுக்க உரிந்து, துளை துளையாக, அடியில் மாவு கொட்டிக் கிடந்தது. எனக்கே பார்க்கப் பாவமாக இருந்தது.

வெட்டுவதற்கு முன் வண்டு எவ்வளவு தூரம் சுற்றியிருக்கிறது என்று பார்க்க, கீதா மறுபக்கம் போய்ப் பேனாக்கத்தியால் பட்டையைக் கீறினாள். கீறிய இடத்தில் செக்கச்செவேலென்று பால் கசிந்தது. அவள் கத்தியைப் பார்த்தாள், முனிரத்தினத்தைப் பார்த்தாள்.

"முனிரத்தினம், நீங்க போன்ல என்ன சொன்னீங்க?"

"பட்ட பூடுச்சின்னு சொன்னேன், மேடம்."

"பட்டுப்போச்சுன்னா செத்துப்போச்சுன்னு இல்ல அர்த்தம்?"

"பட்டு இல்ல மேடம், பட்ட. மேல் தோலு."

அடக் கடவுளே! பட்டையைத்தான் சொல்லியிருக்கிறார். முழுசாகவா என்று இவள் பதறிக் கேட்க, ஒரு பக்கம் முழுசா என்று அவர் சொல்ல, காட்டு சிக்னலில் ‘முழுசா’ மட்டும் இவள் காதில் விழுந்திருக்கிறது. பிறகு ஏன் ஐயா வெட்ட ஆள் கூட்டிவந்தீர்கள் என்றேன் நான். பட்டை போனாலே வெட்டிவிடுவது ஆபீஸ் வழக்கம் போல என்று நினைத்தாராம். ரம்பம் பிடித்தவர் முதலில் சிரித்தார். அப்புறம் எல்லோரும் மரத்தடியிலேயே உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். கீதா சிரித்துக்கொண்டே அழுதாள். எனக்கும் கண் கலங்கியது, சொல்ல என்ன வெட்கம்.

வண்டு விழுந்த பக்கத்துக்கு மருந்து பூசினார்கள். பிறகு டேப். ஒரு முனையை நான் பிடித்தேன், அவள் மரத்தைச் சுற்றி வந்தாள். போன வருஷத்தைவிட நெல்மணி அளவுக்கு ஏறியிருந்தது. ஒரு பக்கத் தோலை வண்டுக்குக் கொடுத்துவிட்டு, மறுபக்கத்தை வைத்துக்கொண்டே பருத்திருக்கிறது. அந்த அளவை அவள் இரண்டு தடவை சத்தமாக வாசித்தாள்.

மத்தியானம் இரண்டு மணிக்கு, கீதா வந்திருந்த ஜீப்பில் எல்லோரும் கிளம்பினோம். தூரத்தில் திருமலை வெயிலில் நீலமாகத் தெரிந்தது. எங்கள் சென்னைத் தெருவில் ஒரு மரம் விழும்போது அதற்கு உயிர் இருந்ததா என்று கேட்கிறவர் கிடையாது. இங்கே ஒரு மரத்துக்காக ஐந்து பேர் அரை நாள் கெட்டு, அதற்காகச் சந்தோஷப்பட்டுக்கொண்டு போகிறோம்.

ஊர் முக்கில் ரம்பக்காரர் இருவரும் அரை நாள் கூலியை வாங்கிக்கொண்டு இறங்கினார்கள். பெரியவர் ஜன்னலருகே வந்து, அடுத்த வருஷமும் சொல்லியனுப்புவீர்களா என்று கேட்டார்.

"மாட்டேண்ணா," என்றாள் கீதா. "உங்களைக் கூப்பிடவே கூடாதுன்னு நீங்களும் வேண்டிக்கோங்க."

அவர் ரம்பத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு, சிரித்தபடியே மலைப்பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.