டிராகன் தோலில் உண்ணிக் கடி

எங்கள் ஊர் ஆம்பூர். நான் அப்போது வேலூரில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். மாலை ஆறு மணிக்குத்தான் வேலை தொடங்கும். நாலரை மணி பஸ்ஸைப் பிடித்தால் போதும். ஆண்டு இரண்டாயிரத்து ஆறோ ஏழோ. வெள்ளிக்கிழமைப் பிற்பகல்களில் பஜாருக்குப் பின்னால் இருந்த பிரௌசிங் சென்டரில் என் தங்கை கணவரின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன்.

அந்த இடம் அதற்கு முன் தட்டச்சுப் பயிலகமாக இருந்தது. அதை நடத்திய அக்கா டைப்ரைட்டர்களை அப்புறப்படுத்திவிட்டு ஆறு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருந்தார். ‘வேகம் பிறகு, பிழையின்மை முதலில்’ என்ற பலகையை மட்டும் சுவரிலேயே விட்டு வைத்திருந்தார்.

தங்கையைக் கட்டுவதற்கு முன்பே அவர் என் வகுப்புத் தோழர். நான் அவரை மாப்பிள்ளை என்று கூப்பிடுவேன். இங்கும் அப்படியே எழுதுகிறேன். தோல் தொழிற்சாலையில் செலக்ஷன் மேசையில் வேலை. பதமாகி வரும் ஒவ்வொரு தோலையும் வெளிச்சத்தில் விரித்து, குறை தேடி, முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று அடுக்க வேண்டும். தொண்ணூறுகளின் நடுவிலிருந்து அதே மேசை. குறை தேடியே பழகிய கண். எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தால்கூட வாழையிலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

அந்த மேசைக்கு எதிர்ப்புறம் ஒன்பது வருடம் நின்றவர் ஒரு நண்பர். மாப்பிள்ளை அவரை தோஸ்த் என்பார், அவரும் இவரை தோஸ்த் என்பார். அவர் திடீரென்று வேலையை விட்டுவிட்டு சவூதியில் ஒரு கம்பெனிக்கு ஸ்டோர் கீப்பராகப் போனார். ஏன் போனார் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. மாப்பிள்ளையின் தொழிற்சாலைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. சவூதியிலும் அன்றுதான். ஜும்மா தொழுகை முடித்து தோஸ்த் அங்கே கம்ப்யூட்டர் முன் வந்து உட்காரும்போது இங்கே மணி மூன்றாகியிருக்கும்.

போனில் இருவருக்கும் பேச வராது. “நல்லா கீறியா”, “கீறேன்” என்பதோடு தீர்ந்துவிடும். ஆனால் ஒரு ஆன்லைன் விளையாட்டில் மணிக்கணக்கில் பேசினார்கள். அரசன், மாயக் காடு, மலைமேல் கிணறுகளைக் காக்கும் ஒரு டிராகன் என்று ஒரு கதை. மாப்பிள்ளை வேட்டைக்காரன். தோஸ்த் காயத்துக்கு மருந்து போடும் வைத்தியன். காட்டில் நடந்துகொண்டே, திரையின் அடியில் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்துப் பேசுவார்கள். மேஸ்திரியைப் பற்றிப் பேசுவார்கள், பிள்ளைக்கு இருமலா என்று விசாரிப்பார்கள், அங்கே கிடைக்கும் ரொட்டியைத் திட்டுவார்கள். விளையாட்டில் ஒரு விசை உண்டு. அதை அழுத்தினால் உங்கள் ஆள் இன்னொருவன் பின்னாலேயே தானாக நடப்பான். தோஸ்த் எப்போதும் அதை அழுத்திவிட்டு வேட்டைக்காரன் பின்னால் வருவார்.

“சோம்பேறி. என் வாலப் புடிச்சினே வர்றான் பாரு” என்று மாப்பிள்ளை சிரிப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை விளையாட்டில் கதையின் புது அத்தியாயம் வந்தது. மலை டிராகன் கொல்லப்பட்டது என்று அரசன் அறிவித்திருந்தான். அதன் தோல் அரசவைச் சுவரில் தொங்கியது. விளையாடுபவர்கள் பதினைந்து நாளுக்குள் அந்தத் தோலுக்கு முன் நின்று அரசனுக்குச் சத்தியம் செய்யலாம். செய்தவர்கள் அரண்மனைக் கட்சி. செய்யாதவர்கள் கெடு முடிந்ததும் தானாக மலைக் கட்சி. ஒருமுறை பிரிந்தால் மாற முடியாது. அதோடு, எதிர்க் கட்சிக்காரன் அடிக்கும் எழுத்து உங்கள் திரையில் கிறுக்கலாகத்தான் தெரியும். பேச்சே கிடையாது.

மாப்பிள்ளை அந்தக் கடைசி வரியை என்னை இரண்டு முறை படிக்கச் சொன்னார். தோஸ்த் ஒரு பக்கம், தான் ஒரு பக்கம் போய்விட்டால் வெள்ளிக்கிழமை இல்லை.

அரசனின் அறிவிப்பைப் படித்த உடனே எனக்குச் சந்தேகம். கொன்றது யார், எந்த இடத்தில், எந்த நாளில் என்று எதுவும் இல்லை. இப்படி ஒரு செய்திக்குறிப்பு வந்தால் எங்கள் செய்தி மேசையில் அதை ஓரமாக வைத்துவிட்டுப் போனை எடுப்போம். நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளை தோலின் படத்தைப் பெரிதாக்கிவிட்டார். செதிலெல்லாம் உரிந்துபோன பழுப்புத் தோல். மூக்கைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கட்டை விரலால் கண்ணாடியைத் தடவினார்.

“மச்சான், இது ஆடு.”

“எது?”

“இந்தத் தோலு. வெள்ளாடு. மயிர்க்கால் பாரு, மூணு நாலா சேந்து வரிசையா வளைஞ்சி நிக்குது. மாடா இருந்தா எங்க பாத்தாலும் சமமா தெளிச்சாப்ல இருக்கும்.” விரலை நகர்த்தினார். “இத பாரு. உண்ணி கடிச்ச எடம்.”

“ஏன், டிராகன உண்ணி கடிக்காதா?”

“கடிக்கட்டும். ஒரே உண்ணி நாலு எடத்துல ஒரே மாதிரி கடிக்குமா? இங்க, இங்க, இங்க, இங்க. ஒரே தழும்பு. ஒரு ஆட்டுத் தோல ஒட்டுப் போட்டு மாட்டிகிறான். ராஜா ஃபிராடு.”

படம் வரைந்தவர் எவரோ ஒரு தோலைப் புகைப்படம் எடுத்து, அதையே பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருப்பார் என்று எனக்கு உடனே தோன்றியது. சொல்லவில்லை. என் சந்தேகத்துக்குச் சாட்சி கிடைத்ததில் எனக்குத் திருப்தி. விளையாட்டுக்காரர்கள் வாதிடும் இணைய அரங்கில் மாப்பிள்ளை சொன்னதை ஆங்கிலத்தில் எழுதிப் போட்டேன். சற்று நேரத்துக்குள் பதில்கள் குவிந்தன. இது வெறும் புகைப்படம், போய் வேலையைப் பாருங்கள் என்றார் ஒருவர். அரசன் ஊர் ஆடுகளைத் திருடியிருக்கிறான் என்றார் இன்னொருவர். நாங்கள் விளையாட்டுக் கம்பெனியே அனுப்பிய ஆட்கள், கவனத்தைத் திருப்ப வந்திருக்கிறோம் என்று மூன்றாமவர் கண்டுபிடித்தார்.

அக்கா எட்டிப் பார்த்தார். “இன்னாத்துக்குப் பேஜாரு? மலைன்னா ஏலகிரியா, போனா திரும்பி பஸ்ஸு இல்லியா?”

“இல்லக்கா. போனா பேச்சு கட்டு.”

“அப்ப எல்லாரும் ஒரே பக்கம் போங்க. இதுக்கு ஒரு யோசனையா?”

மூன்று மணிக்கு தோஸ்த் வந்தார். மாப்பிள்ளை அவரை அரசவைக்கு இழுத்துப்போய்த் தோலுக்கு முன் நிறுத்தினார். ஆடு என்று தான் கண்டதைச் சொல்லாமல் கேட்டார்: “இது இன்னா தோலு சொல்லு.”

பதில் வர நேரமாயிற்று. பிறகு வந்தது. “மாடு தோஸ்த். நல்ல மாடு.”

மாப்பிள்ளை விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார். ஒன்பது வருடம் செலக்ஷன் மேசையில் நின்றவனுக்கு ஆட்டுக்கும் மாட்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகாது. எங்கள் ஊரில் தோல் லாரி ஓட்டுகிறவருக்கே அது தெரியும்.

“பொய் சொல்றான்” என்றார். “அரண்மனைக்குப் போறதுக்கு முடிவு பண்ணிட்டான். அங்க புது தோஸ்த்துங்க கிடைச்சிட்டாங்க போல.”

என் சந்தேகம் வேறு. அடுத்த அரை மணி நேரம் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்த்தேன். ஒரு கேள்விக்குப் பதில் வர இரண்டு நிமிடம், சில சமயம் மூன்று. முன்பு அப்படி இல்லை. பதில்கள் ஒரு சொல், இரண்டு சொல். பிள்ளையைப் பற்றிக் கேட்கவில்லை. மேஸ்திரியைத் திட்டவில்லை. தமிழ் தெரியாத எவரோ தோஸ்த்தின் பெயரில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரிடம் அர்த்தம் கேட்டுக் கேட்டு அடிக்கிறார் என்று நான் முடிவுக்கு வந்தேன். எல்லாத் தகவலும் அதற்குள் அடங்கியது. இத்தனை ஒழுங்காக அடங்குகிற செய்தியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பது செய்தி மேசையில் எனக்குச் சொல்லித் தரப்பட்ட பாடம். அன்று நினைவுக்கு வரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையிடம் சொன்னேன். “அவருக்கும் உனக்கும் மட்டும் தெரிஞ்ச ஒரு விஷயம் கேளு. தப்பா சொன்னா ஆளு வேற.”

அவர் யோசித்தார். “அவன் கடைசி நாள் வேலையில ஒரு தோல ஃபர்ஸ்ட்ல போட்டான். நடுவுல ஒரு ஜாண் நீளத்துக்குக் கத்தி வெட்டு. நான் சத்தம் போடாம எடுத்துத் தேர்டுல போட்டேன். நான் எடுத்தத அவன் பாத்தான். ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல. வேற யாருக்கும் தெரியாது.”

“அதக் கேளு.”

“அது வேணாம் மச்சான். வேற எதனா யோசிக்கிறேன். டீ சாப்பிடலாம் இரு.”

அவர் டீ வாங்க வெளியே போனார். தோஸ்த் வந்து, வைத்தியனை வேட்டைக்காரன் பின்னால் நிறுத்தி, “தோஸ்த்” என்று அடித்தார். எனக்கு நாலரை பஸ். நாற்காலியை இழுத்து நானே அடித்தேன்: “கடைசி நாள் நீ ஃபர்ஸ்ட்ல போட்ட தோல்ல இன்னா இருந்துச்சு?”

இரண்டு நிமிடம். நாலு நிமிடம். பிறகு ஒரு வரி வந்தது. “வெட்டு இருந்துச்சு. சந்தோஷமா?” அதோடு வைத்தியன் திரையிலிருந்து மறைந்தான்.

மாப்பிள்ளை இரண்டு கையிலும் டீயோடு நின்று அதைப் படித்தார். என் டீயை என்னிடம் கொடுத்தார். அவருடையது மேசையில் ஆறிக்கொண்டிருந்தது.

மூன்றாவது வெள்ளி கெடு நாள். மாலை ஐந்தரை வரை நேரம். நான் அலுவலகத்துக்குத் தாமதமாக வருவேன் என்று சொல்லிவிட்டேன். தோஸ்த் வரவில்லை. மூன்றரை ஆயிற்று, நாலு ஆயிற்று. வேட்டைக்காரன் ஆட்டுத் தோலுக்கு முன் நின்றான். சத்தியம் செய்யும் பொத்தான் திரையில் மின்னியது. மாப்பிள்ளை அம்புக்குறியை அதன் மேலேயே வைத்திருந்தார்.

“அவன் மாடுன்னான். ஆடுன்னு தெரிஞ்சே மாடுன்னா ராஜா பக்கம் பேசறான்னு அர்த்தம். அப்ப அவன் அரண்மனைதான் போயிருப்பான். நானும் போயிடறேன்.”

“ஆடுன்னு உனக்குத் தெரியுமே.”

“தெரிஞ்சா இன்னா? அங்க மலையில ஒத்தையா உண்மையக் கட்டிப் புடிச்சினு நிக்கவா?”

அக்கா அந்தப் பக்கத்திலிருந்து கோபமாகச் சொன்னார். “பதினஞ்சி நாளா ரெண்டு பேரும் துப்பறியறீங்க. கடையில ஐஎஸ்டி போன் கீது. அந்த மனுஷனையே கேட்டா வாயில முத்தா உதிரும்?”

போனை எடுத்தது அறையில் கூட இருந்த மலையாளி. தமிழ் கலந்து பேசினார். மாப்பிள்ளை போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்ததால் எனக்கும் கேட்டது.

“அவன் இல்ல சேட்டா. ஆஸ்பத்திரி. கண்ணு ஓப்பரேஷன். ஒரு ஆழ்ச்சயா கம்ப்யூட்டர் தொட்டில்ல. ஊரில் சொல்லல்லேயா? முன்பே மோசம்தான். மூக்கு ஸ்க்ரீனில் முட்டும், ஒரு வரி படிக்க எத்தனை நேரம்! நாங்க சிரிக்கும்.”

மாப்பிள்ளை போனை வைத்துவிட்டு அக்காவின் மேசை ஓரத்திலேயே நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். “கடைசி வருஷம் அவன் தோலப் பாக்கல மச்சான். தடவினான். கையால தடவித் தடவித்தான் தரம் பிரிச்சான். நான் அது ஒரு ஸ்டைலுன்னு நெனச்சேன்.”

காட்டில் அந்தப் பின்தொடரும் விசை எதற்கு என்பதும், ஏன் வேலையை விட்டுப் போனார் என்பதும், பழுப்பாகத் தெரிந்ததை ஏன் மாடு என்றார் என்பதும் எனக்குச் சேர்ந்தாற்போல் விளங்கின. நான் அடித்த கேள்வி அவருக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்பதும்தான்.

ஒரு வாரமாக அவர் கம்ப்யூட்டரைத் தொடவில்லை என்றால் சத்தியமும் செய்திருக்க மாட்டார். மாப்பிள்ளை அம்புக்குறியைப் பொத்தானிலிருந்து நகர்த்தினார். ஐந்தரை மணிக்கு அரசவை மறைந்தது. வேட்டைக்காரன் மலையில் ஒரு பாறைமேல் நின்றான்.

அதன்பின் நாலு வெள்ளிக்கிழமை அவன் அங்கேயே நின்றான். ஐந்தாவது வெள்ளியில் பாறையின் அடியில் வைத்தியன் தெரிந்தான். கிறுக்கல் இல்லை. படிக்க முடிந்தது.

“அது ஆடா?”

“ஆடு.”

“ஆஸ்பத்திரிலேர்ந்து வந்து பாத்தேன். நெட்ல யாரோ படத்தப் போட்டுகிறான். ஆடுதான். உண்ணிகூட இருக்கு.”

“நாலு எடத்துல.”

“அஞ்சு. கீழ மடிப்புல ஒண்ணு இருக்கு. நீ உட்டுட்டே.”

மாப்பிள்ளை சத்தமாகச் சிரித்தார். அப்போது அடுத்த வரி வந்தது. “அன்னிக்கு அந்தக் கேள்வி கேட்டது நீயா? உன் பேச்சு மாரி இல்லியே. யாரோ உக்காந்து அடிச்சாப்ல இருந்துச்சு.”

மாப்பிள்ளை என் பக்கம் திரும்பவில்லை. “நான்தான்” என்று அடித்தார்.

இரண்டு வாரம் நான் துப்பறிந்தது இதைத்தான்: வேறொருவர் உட்கார்ந்து அடிக்கிறார் என்று. அது நடந்தது உண்மை, ஆனால் அங்கே அல்ல, எங்கள் திரையில். “நான் இல்லை, என் மச்சான்” என்று மாப்பிள்ளை அடித்திருக்கலாம். நானே அடித்திருக்கலாம். அடிக்கவில்லை.

மூன்று நிமிடம் கழித்துப் பதில் வந்தது. இப்போது அவருக்குக் கண் நன்றாகத் தெரியும். “சரி தோஸ்த்.”

சில மாதம் கழித்து அரசவைத் தோலின் படத்தை மாற்றிவிட்டார்கள். புதுத் தோலில் உண்ணிக் கடி எதுவும் இல்லை. “பாத்தியா, மறைக்கிறானுங்க” என்றார் மாப்பிள்ளை. டிராகன் உயிரோடு இருக்கிறதா என்று கதை கடைசிவரை சொல்லவில்லை.

இன்னொன்றும் மாறியது. அதன்பின் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தோஸ்த் வந்தவுடன் முதலில் ஒரு கேள்வி கேட்பார். மேசையில் யாருக்கு இடது கை, தோல் பதமிடும் எந்த டிரம் முதலில் உடைந்தது, பழைய மேஸ்திரி எந்தக் கையில் மோதிரம் போடுவார். மாப்பிள்ளை சரியாகச் சொன்ன பிறகுதான் மற்றப் பேச்சு. அது விளையாட்டா சந்தேகமா என்று நான் கேட்டதில்லை. மூன்று மணி ஆனதும் மாப்பிள்ளை என்னைப் பார்ப்பார். நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அக்காவின் மேசைப் பக்கம் போய் உட்காருவேன். அங்கிருந்து பார்த்தால் சுவர்ப் பலகை தெரியும். திரை தெரியாது.