ராஜாமணி அண்ணன் கூடாரத்துக் காத்தாடி

போன செவ்வாக்கெழம காலையில கொழாயடியில கொடத்த வச்சிட்டு நிக்கிறேன். மல்லிகா மதினி பின்னாடி வந்து, "ஏ பேச்சி, அந்தக் கூடாரக்காரரு போயிட்டாராம்ல, சமயநல்லூர்ல"ன்னாக. பதினோரு வருசம் நம்ம காம்பவுண்டுல குடியிருந்த மனுசனுக்குப் பேரு கூட இல்லாமப் போச்சு. நான் கொடத்தத் தூக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன். நான் பேசாம இருந்தா எனக்குக் காய்ச்சல்னு நெனைக்கிற காம்பவுண்டு இது.

அவரு பேரு ராஜாமணி. பேரையூர்ப் பக்கம் மானாவாரிக் காடு வச்சிருந்த குடும்பம். இங்க காளவாசல்ல மோட்டாருக்குக் காயில் கட்டிக்கிட்டு இருந்தாரு. அவரு பேருல நம்ம காம்பவுண்டுல நீங்க எல்லாரும் ஒரு பழி வச்சிருக்கீக. அந்தப் பழி அவரோடது இல்ல. அதச் சொல்லத்தான் எழுதுறேன். கருமாதிக்கு முன்னாடி சொல்லிரணும். எட்டாப்பு படிச்சவ எழுத்து, பெழ இருந்தா பொறுத்துக்கங்க.

அவரு சம்சாரம் போனதுக்குப் பெறகு தான் அந்தக் கூடாரம் வந்துச்சு. அவரு இருந்தது கடைசி வீடு, வெயிலே வராது, பகல் பன்னெண்டு மணிக்கும் லைட்டு போடணும். கூடாரம் ரெண்டடிக்கு ரெண்டடி, என் இடுப்பு உசரம், வெளியில கருப்புத் துணி, உள்ள சில்வர் தாளு, முன்னாடி ஜிப்பு. மேல ஒரு லைட்டு, பின்பக்கம் உள்ளங்கை அகலத்துல ஒரு காத்தாடி, கரண்ட்டுல சுத்துற குட்டி ஃபேனு. அதுக்குள்ள மொளகாச் செடியும் புதினாவும் வளத்தாரு. வெயிலே பாக்காத செடி அம்புட்டுக் காச்சுச்சு. நம்ம வீட்டு ரசத்துல எல்லாம் அந்தப் புதினா வெந்திருக்கு.

"என்னண்ணே, கூடாரத்துக்குள்ள யாரக் கட்டி வச்சிருக்கீக, ஜிப்பு போட்டுப் பூட்டுறீக?"ன்னு மல்லிகா மதினி கேப்பாக. "மொளகாச் செடியத் தான் மதினி. உங்கள விடக் காரம் கம்மி, எதுத்துப் பேசாது"ம்பாரு. நானும் ஒரு நா கேட்டேன், லைட்டு சரி, செடிக்கு எதுக்கண்ணே காத்தாடின்னு. "செடிக்குத் தண்ணி ஊத்த எல்லாருக்கும் தெரியும் தங்கச்சி. காத்து விடத் தான் ஒருத்தருக்கும் தெரிய மாட்டேங்குது. அடச்சு வச்சா எதுவும் அழுகும்"னாரு. நான் சிரிச்சுட்டு வந்துட்டேன்.

நாலு வருசத்துக்கு முன்னாடி நம்ம ஆத்தா கோயில் பங்குனிப் பொங்கலுக்கு, சட்டியில பயறு வளத்து எடுக்குற மொளப்பாரி போட எடம் இல்ல. மதினி வீட்டு இருட்டு ரூம்ப காம்பவுண்டு ஓனரு இடிச்சு பாத்ரூம் ஆக்கிட்டாரு. பயறு மொளைக்க வெளிச்சம் படாத எடம் வேணுமே. அண்ணன் கூடாரத்தக் கேட்கலாம்னு சொன்னது நான் தான். போயிக் கேட்டதும் நான் தான். காச்சுக் கெடந்த மொளகாச் செடிய அவரே வெளிய எடுத்து வச்சாரு. துணி போட்டுத் தொடச்சு, மஞ்சத் தண்ணி தெளிச்சு, லைட்டக் கழட்டிக் குடுத்தாரு. நாலு சட்டி வச்சோம். மொளப்பாரி இருக்க வீட்டுல ஆம்பளப் பார்வ படக்கூடாதுன்னு அவரையே அவரு வீட்ட விட்டு அனுப்பிட்டோம். ஒம்போது நாளும் கடைப் பட்டறையில படுத்துக்கிட்டாரு. வெளியில வச்ச செடி பங்குனி வெயில்ல ரெண்டே நாள்ல வாடிப் போச்சு. அதுக்கு ஒரு சொல்லு சொல்லல.

போகும்போது எங்கிட்டச் சொன்ன சொல்லு ஒண்ணே ஒண்ணு தான். "மத்ததெல்லாம் உங்க முறைப்படி செய்யிங்க தங்கச்சி. அந்தக் காத்தாடிய மட்டும் நிப்பாட்டிராதீக."

மூணாம் நாளு தண்ணி தெளிக்கிற முறை எனக்கு. தலைக்குக் குளிச்சு, ஈரச் சேலையோட உள்ள போறேன். ஆத்தா உக்காந்திருக்க எடம், சத்தமில்லாம இருக்க வேண்டாமா? அந்தக் காத்தாடி வண்டு மாதிரி ர்ர்ர்ருன்னு ஓடுது. பச்ச மொளைக்குக் காத்து படலாமான்னு தோணுச்சு. மிசினு வந்து ஆத்தாளுக்கு விசிறணுமான்னு தோணுச்சு. வயரப் புடுங்கி விட்டேன். கன்னத்துல போட்டுக்கிட்டு, கூடாரத்த இறுக்க மூடிட்டு வந்தேன். யாருகிட்டயும் சொல்லல. சரியாத் தான் செஞ்சோம்னு நெனச்சேன், அதுதான் எனக்கு இன்னைக்கும் ஆறல.

மறுநாளுல இருந்து தண்ணி தெளிச்சவுக எல்லாம் ஜிப்பக் கை நுழையிற அளவு தெறந்து, உள்ள பாக்காம, கைய மட்டும் விட்டுத் தெளிச்சாக. ஒம்போதாம் நாளு கொலவை போட்டுக் கூடாரத்தத் தெறந்தோம். கொலவை பாதியில நின்னுருச்சு. நாலு சட்டியிலயும் வெள்ளையாப் பஞ்சு படந்து, பயறு அழுகி, நாத்தம். மதினி அங்கயே உக்காந்துட்டாக. "ஆம்பளக் கை பட்டிருக்கு. சாவி அவருகிட்டயும் ஒண்ணு இருக்குல்ல"ன்னாக. கடைக்கு ஆளு போயி அண்ணன் வந்தாரு. வாசல்ல நின்னு எட்டிப் பாத்தாரு. மொதல்ல சட்டியப் பாக்கல. செவுத்துல தொங்குற வயரப் பாத்தாரு. அப்புறம் என்னயப் பாத்தாரு. என் மொகத்துல எல்லாம் எழுதியிருந்திருக்கும். "நீங்க உள்ள வந்தீகளா, இல்லையா?"ன்னு மதினி கேக்குறாக. "ஏங் கூடாரத்துல தான் ஏதோ கோளாறு மதினி. மன்னிச்சுக்கங்க"ன்னாரு.

வாயத் தெறந்தா மூடாத நான் அன்னைக்கு மூடிக்கிட்டேன்.

அதுக்கப்புறம் நடந்தது நமக்கு எல்லாம் தெரியும். அவரு புதினா யாரு வீட்டுக்கும் போகல. மதினி வீட்டுக்காரரு வண்டியில இருந்து விழுந்து கால ஒடிச்சாரு, அதுவும் அண்ணன் தலையில. மறு மாசம் கோயில் கூழுக்கு வரி வாங்க எல்லா வீட்டுக்கும் போனவுக அவரு கதவ மட்டும் தட்டல. ரெண்டு மாசத்துல காலி பண்ணிட்டாரு. ஆட்டோவுல கூடாரத்த மடிச்சு வச்சுக்கிட்டு, "வாரேன் தங்கச்சி"ன்னாரு. நான் உள்ள பாத்திரம் வெளக்குற மாதிரி இருந்துக்கிட்டேன். சமயநல்லூருக்கு இங்கருந்து ஒரே பஸ்ஸு. நாலு வருசமா நான் ஏறல.

வெள்ளிக்கெழம தவறாம ஆத்தாகிட்டப் போயிச் சொன்னேன். எலுமிச்சம்பழ வெளக்குப் போட்டேன், மண்சோறு தின்னேன். ஆத்தாளுக்குத் தெரியாததையா நான் சொல்லிட்டேன்? தெரியாத மனுசங்ககிட்ட ஒரு தடவ சொல்லியிருந்தா அந்த மனுசன் இங்கயே இருந்திருப்பாரு.

புதன்கெழம தான் பஸ் ஏறுனேன். துட்டி கேக்கப் போனது நம்ம காம்பவுண்டுல நான் ஒருத்தி தான். நான் போறதுக்குள்ள அண்ணன எடுத்து முடிச்சிட்டாக. ஒத்த ரூம்பு. அண்ணனோட அக்கா மகன் சாமான் ஒதுக்கிக்கிட்டு இருந்துச்சு. மூலையில அதே கூடாரம். ஜிப்பத் தெறந்து பாத்தேன். அண்ணன் ஆஸ்பத்திரியில கெடந்த ஒரு வாரமும் தண்ணி ஊத்த ஆளில்லாம மொளகாச் செடி கருகிக் கெடக்கு. காத்தாடி மட்டும் ஓடிக்கிட்டே இருக்கு. "இது ஒண்ணு, கரண்ட்டத் தின்னுக்கிட்டு"ன்னு சொல்லி அந்தப் புள்ள வயரப் புடுங்குச்சு. சத்தம் நின்னது எனக்குத் தாங்கல. "ஒங்களுக்கு ஏதாச்சும் வேணுமா அத்தே?"ன்னு கேட்டுச்சு. காத்தாடியக் கேட்டு வாங்கிட்டு வந்தேன்.

இப்பச் சொல்லுறேன், எல்லாரும் படிங்க. மல்லிகா மதினி, நீங்க கண்ணாடி போட்டுக்கிட்டுப் படிங்க. அண்ணன் உள்ள வரல. எந்த ஆம்பளக் கையும் படல. வயரப் புடுங்குனது பேச்சியம்மா. மொளப்பாரி அழுகுனது என்னால. அவருக்கு அது தெரியும். தெரிஞ்சே தான் தலையில ஏத்துக்கிட்டுப் போனாரு.

அவரு காத்தாடி எங்கிட்ட இருக்கு. சாமி படத்துக்குப் பக்கத்துல வைக்கல, வைக்கிற யோக்கியத எனக்கு இல்ல. அரிசி டின்னு மேல இருக்கு. வார பங்குனிக்கு மொளப்பாரி போடுறப்ப வந்து எடுத்துட்டுப் போயி ஓட விடுங்க. யாரும் கேட்டா ராஜாமணி அண்ணன் குடுத்ததுன்னு பேரச் சொல்லுங்க. தண்ணி தெளிக்க மட்டும் என்னயக் கூப்பிடாதீக.