இல்லாத தலைக்கு முடிவெட்டியவர்

"பிளேடெல்லாம் மொண்ணை. கை நடுங்காம என்ன செய்யும்?"

சலூன்காரர் தினமும் காலையில் மனைவியிடம் சொல்கிற முதல் வார்த்தை இதுதான். அவள் விட்டால்தானே.

"பாவம் பிளேடு! அதுவா நேத்து உங்ககூட உக்காந்து குடிச்சுது?"

உண்மையில், எழுந்ததும் கொஞ்சம் சாராயம் உள்ளே போனால்தான் அந்தக் கை நிற்கும். அந்தக் கையை நம்பித்தான் தெருவே தாடையைக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒருநாள் தபால்காரரின் காது மடலில் கத்தி இறங்கிவிட்டது. மேலே போர்த்திய வெள்ளைத் துணி நனைந்து சிவந்தது. அதன்பின் கடையை எட்டிப் பார்த்தவர்களெல்லாம் "அப்புறம் வரேண்ணே" என்று நழுவினார்கள்.

அவர் மறுபடி கத்தரி பிடிக்க வேண்டும். அதற்குக் குடி ஒரேயடியாக ஒழிய வேண்டும். மனைவிக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான். அறையில் தள்ளிப் பூட்டினாள்.

"குடிக்காம இருந்தா செத்தா போயிடுவீங்க?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி இன்றுவரை அவள் காதை விட்டுப் போகவில்லை.

முதல் நாள் வாந்தி. மறுநாள் வேர்த்துக் கொட்டியது. சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்று அலறினார். "நல்லா நடிக்கிறீங்க" என்று அவள் அசையாமல் இருந்தாள். மூன்றாம் நாள் பிற்பகல் சத்தம் அடங்கியது. கதவைத் திறந்து பார்த்தாள்.

கண்ணாடி முன்னால் ஒரு காலி நாற்காலி. அதன் முதுகில் படுக்கை விரிப்பைக் கழுத்துக்குச் சுற்றுவது போலச் சுற்றியிருந்தார். இரண்டு விரல்களைக் கத்தரியாக்கி வெட்டிக்கொண்டிருந்தார். இடையிடையே ஊதினார், விரிப்பை உதறினார்.

"தலையைக் கொஞ்சம் குனிங்க சார்."

மனுஷனுக்குத் தொழில் ஞாபகம் வந்துவிட்டது என்று அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

"யாருங்க அது, பெரிய கிராக்கியா?" என்று கேலி செய்தாள்.

"தபால்காரர்டி. பேசாத, காதுகிட்ட வெட்டறேன்" என்றார், திரும்பாமல்.

சிரித்துக்கொண்டே டீ போடப் போனாள். பால் காய்வதற்குள் நாற்காலி விழுகிற சத்தம் கேட்டது. ஓடி வந்து பார்த்தால், கை கால் வெட்டி இழுக்கிறது, வாயில் நுரை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "வருஷக்கணக்கா குடிச்ச உடம்பும்மா. திடீர்னு நிறுத்தினா புத்தி தடுமாறும், வலிப்பு வரும். முதல் நாளே இங்க கூட்டிட்டு வந்திருந்தா மருந்து கொடுத்து நிறுத்தியிருப்போமே."

"முடி வெட்டினாரே டாக்டர்… தெளிஞ்சிட்டார்னு நினைச்சேன்."

உயிர் பிழைத்தார். வருஷக்கணக்கான குடி மூளையையும் அரித்திருந்தது. குடியை விட்டாகிவிட்டது, ஆனால் ஐந்து நிமிடத்துக்கு முன் பேசியவரை இப்போது தெரியாது. தெரிந்தது தொழில் மட்டும்தான். கடைக்குப் பின்னாலிருக்கும் வீட்டில், யாருமில்லாத நாற்காலிக்குப் பகலெல்லாம் முடிவெட்டுகிறார். "கூட்டித் தள்ளு, முடி கால்ல ஒட்டுது" என்கிறார். அவளும் வெறுந்தரையைக் கூட்டுகிறாள். சில நாள் முறத்தில் எதுவோ கனக்கிற மாதிரி இருக்கிறதாம்.

அவரிடம் ஒருமுறையாவது தலையைக் கொடுத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அந்த நாற்காலியில் பத்து நிமிடம் உட்காருங்கள். வெறும் விரல்தான். வழுக்கை விழுந்தவர்களும் போகலாம், அவர் அதையெல்லாம் பார்ப்பதில்லை.