அனுப்பியவர் பெயர்

"இதையும் பாருங்க மிஸ்," என்று நிம்றா பேனை மூடியால் அடுத்த வரியைத் தொட்டாள். "இதுலயும் அதேதான் ஈக்கி. ஹம்சிகா பிரியந்தன், டொரொன்டோ. குடும்பப் பராமரிப்பு."

தாரிகா குனிந்து பார்த்தாள். வங்கி முத்திரை விழுந்த ஆறு தாள்கள். எல்லாவற்றிலும் அக்காவின் பெயர். சம்பளம் என்ற சொல் எங்கும் இல்லை.

"அது என்ர சம்பளம்தான்."

"நான் நம்புறேன். விசா ஒபீசர் தாளத்தானே பாப்பார்."

வங்கியின் வெள்ளவத்தைக் கிளையில் நிம்றா பத்து வருடமாக இருக்கிறாள். அம்மாவின் மருந்துச் செலவுக்குக் காசெடுக்க வந்த நாட்களிலிருந்து தாரிகாவைத் தெரியும்.

"நோக்கம் எண்ட இந்த வரியை மட்டும் மாத்தித் தர ஏலாதோ?"

"மாத்தினா உங்களுக்கு முந்தி நான் போயிருவேன் மிஸ். வெலிக்கடை ஜெயிலுக்கு." சிரித்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "அக்காகிட்ட ஒரு கடிதம் எடுங்க. கம்பனிக் காசு அவங்கட கணக்குக்கு வந்து, அங்கயிருந்து உங்களுக்கு வந்திச்சி எண்டு. அவங்கட ஸ்டேட்மென்டும் வேணும். எப்ப அப்பொய்ன்ட்மென்ட்?"

"நாளைக்குக் காலமை, பத்தரைக்கு."

நிம்றா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள்.

தாரிகாவுக்கு முப்பத்தொன்பது வயது. மெல்பேர்னில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு வேலை செய்கிறாள். அங்குள்ள மருத்துவர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவுசெய்வதை இங்கிருந்து கேட்டுக் கடிதங்களாகத் தட்டச்சு செய்ய வேண்டும். காலை ஐந்து மணிக்குக் கதவைச் சாத்தினால் பகல் ஒரு மணிக்குத் திறப்பாள். அவள் வேலைக்குப் போவதில்லை என்றுதான் ஒழுங்கையில் குடியிருந்த எல்லோரும் நினைத்தார்கள். தமக்கை அனுப்புகிறாள், இவள் இருந்து சாப்பிடுகிறாள் என்ற பேச்சு அவள் காதுக்கும் வந்தது. அவள் மறுக்கவில்லை. நோயாளித் தாயுடன் இருக்கும் ஒருத்தி டொலரில் உழைக்கிறாள் என்று தெரிவதைவிட அது பாதுகாப்பாக இருந்தது.

வேலை கிடைத்தது, நாடு டொலரில்லாமல் தவித்த எரிபொருள் வரிசைகளின் வருடத்தில். வரிசையில் நின்றவர்கள் ஒரே புத்தியைத்தான் சொன்னார்கள்: வெளிநாட்டுக் காசை நேரே இங்கே இறக்காதே. அவள் அக்காவின் டொரொன்டோக் கணக்கை நிறுவனத்துக்குக் கொடுத்தாள். அக்கா மாதாமாதம் அனுப்பினாள். வங்கிப் படிவம் நோக்கம் கேட்டது. குடும்பப் பராமரிப்பு என்று போட்டால் மேற்கொண்டு கேள்வி வராது. வரிசைகள் போன பிறகும் அதுவே நடந்தது.

அம்மா போன வருடம் தவறினார். அவள் வாடகைக்கு இருக்கும் மாடியை மார்கழிக்குள் விட்டுத்தரும்படி வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார். வீட்டிலிருந்தபடி பிற நாட்டு நிறுவனங்களுக்கு வேலை செய்பவர்கள் போர்த்துக்கல்லில் போய் வசிக்க ஒரு விசா இருந்தது. போதிய வருமானத்தைக் காட்ட வேண்டும். வருமானம் அவளிடம் இருந்தது.

மாலை ஐந்தரைக்கு அக்காவை அழைத்தாள். டொரொன்டோவில் காலை எட்டு மணி. ஹம்சிகா பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தாள்.

"கடிதத்தை நான் எழுதி அனுப்புறன் அக்கா. நீ கையெழுத்து வச்சு ஸ்கான் பண்ணினால் போதும்."

"அத்தான் வேண்டாமெண்டுறார்."

"அவரிட்டக் குடு, நான் கதைக்கிறன்."

"அவர் வேலைக்குப் போட்டார். நீ கொஞ்சம் விளங்கு தாரி. நாலு வருசமா உன்ர காசு என்ர கணக்கில விழுந்திருக்கு. இங்க வரிக்கு நாங்கள் அதைக் காட்டேல்லை. இப்ப நானே எழுதிக் குடுக்கிறதோ?"

"லிஸ்பன்காரன் உங்கட வரிக் கந்தோருக்குக் கோல் எடுக்கப்போறானே?"

"பகிடி விடாதை. அங்க உனக்கு ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. அதுக்குத்தான் போறன்."

"இங்க வா எண்டால் வரமாட்டாய். பேஸ்மென்ட் சும்மா கிடக்கு. பிள்ளையளும் சித்தி எப்ப வாறா எண்டு கேக்குதுகள்."

"கேக்கிறது பிள்ளையளோ, பிள்ளை பாக்க ஆளில்லாத ஆக்களோ?"

"வாய்க்கு ஒண்டும் குறைச்சல் இல்லை." தண்ணீர்க் குழாய் திறந்து மூடும் ஓசை கேட்டது. "காசை இனி நேரே உன்ர கணக்குக்கு எடு. மூண்டு மாதம் பொறுத்து விண்ணப்பம் போடு."

"மூண்டு மாதத்தில நான் ஆற்ற வீட்டில இருக்கிறது?"

அக்கா சாப்பாட்டுப் பெட்டியை மூடும் சத்தம் கேட்டது.

"அப்ப கம்பனிக்கு நான் அனுப்பின பில்லுகளை மட்டும் வைக்கிறன்."

"அதில ஆற்ற கணக்கு இருக்கு?"

"உன்ர."

"என்ர பேர் ஒரு இடத்திலயும் வரக்கூடாது. சொல்லிப்போட்டன்."

"அப்ப நான் உழைச்சதுக்கு எதைக் காட்டுறது?"

பாடசாலை பஸ் வந்துவிட்டது என்று ஹம்சிகா வைத்துவிட்டாள்.

காலி வீதியில் இருந்த கொமியூனிகேஷன் கடையில் பில்களை அச்செடுத்துக்கொண்டு வந்தாள். மேலே அவள் பெயர், செய்த வேலை, மணித்தியாலங்கள். கீழே அக்காவின் பெயரும் கணக்கிலக்கமும். கறுப்பு மார்க்கரால் ஒரு தாளில் அந்த வரியை அடித்துப் பார்த்தாள். அடித்த இடம்தான் முதலில் கண்ணில் பட்டது. வெளிச்சத்தில் பிடித்தால் எழுத்தும் தெரிந்தது. வேறு பிரதி எடுக்கத் திரும்பவும் கீழே இறங்கினாள். ஹம்சிகா என் உடன்பிறந்த சகோதரி, என் ஊதியம் அவருடைய கணக்கினூடாக எனக்கு வந்தது என்று ஆங்கிலத்தில் எட்டு வரி எழுதிக் கையெழுத்திட்டாள். ஒரு மணித்தியாலம் அதை மேசையில் வைத்துவிட்டு எதிரே இருந்தாள். எழுந்து போய் அதைப் பில்களோடு சேர்த்துக் கோப்பில் வைத்தாள்.

அடுத்த நாளுக்கு அவள் மெல்பேர்னிடம் விடுப்புக் கேட்டிருந்தாள். ஒன்பதரைக்கு விசா விண்ணப்ப நிலையத்துக்குப் போனாள். பத்து ஐம்பதுக்குக் கூப்பிட்டார்கள். கவுண்டரில் இருந்த பெண் தாள்களைப் புரட்டி, ஹம்சிகா யார் என்று சிங்களத்தில் கேட்டாள். அக்கா, என்றாள் தாரிகா. அக்காவின் கடிதம் இருக்கிறதா என்று கவுண்டர்ப் பெண் கேட்டாள். இல்லை. அந்தப் பெண் ஒரு படிவத்தை நீட்டினாள். ஆவணம் குறைவு என்று அறிவிக்கப்பட்டது, அப்படியே அனுப்புமாறு விண்ணப்பதாரர் கேட்டுக்கொண்டார் என்று அதில் அச்சிட்டிருந்தது. தாரிகா கையெழுத்திட்டாள். கைரேகை எடுத்தார்கள். படம் எடுத்தார்கள். ரசீது தந்தார்கள். வெளியே வந்து கைப்பேசியைத் திறந்தபோது அக்காவின் அழைப்புகள் இரண்டு தவறியிருந்தன. டொரொன்டோவில் நடுச்சாமம் கடந்திருந்தது. அவள் திருப்பி எடுக்கவில்லை. பஸ்ஸில் வெள்ளவத்தைக்கு வந்து பாணும் பருப்பும் வாங்கினாள். இருபது வேலை நாட்களில் முடிவு தெரியும் என்று ரசீதில் இருந்தது. கலண்டரில் எண்ணினாள். இடையில் ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறை வந்தது. அதை விட்டுவிட்டு எண்ணினாள்.